வேலையில்லாத இருபது பேர்

"போன ஏழு நாள்ல, கூலி வாங்கிக்கிட்டு ஒரு மணி நேரமாவது வேலை பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

நம்மவரின் பேனா நின்றது. எதிரே உட்கார்ந்திருந்தவர், மூன்று வருடத்துக்கு முன்னால் மூடிய அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பழைய வாட்ச்மேன். அந்தத் தெருவிலேயே மூத்த வேலையில்லாதவர் என்று ஊரே சொன்னது.

"என்ன வேலை?"

"உங்களுக்கு வீடு வீடா வழி காட்டினேனே சார். திங்கக்கிழமையிலேருந்து."

நம்மவர் படிவத்தின் அடியில் இருந்த விதியை மறுபடி படித்தார். ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலும் அவர் வேலையுள்ளவர். அவருடைய படிவம் செல்லாது.

நம்மவரை இந்தத் தெருவுக்கு அனுப்பியது, நலிந்த தெருக்களைத் தூக்கி நிறுத்துவது எப்படி என்று ஆராயும் ஒரு நிலையம். நாளை மாலைக்குள் வேலையில்லாத இருபது பேரின் படிவங்களைக் கொடுத்தால் உத்தியோகம் நிலைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் மச்சானின் சிமெண்டு குடோனில் மூட்டை எண்ண வேண்டும். மச்சான் நல்லவர்தான். ஆனால் செய்த நல்லதை நாலு பேர் இருக்கும்போதுதான் சொல்லிக் காட்டுவார்.

பதினோரு மாதம் வீட்டில் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை. நேர்காணலில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கைச்செலவுக்கென்று தடிமனாக ஒரு கவரைக் கொடுத்து, கணக்கெல்லாம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். எல்லாம் தன் முகராசி என்று நம்மவர் நினைத்துக்கொண்டார். அடையாள அட்டையைச் சாப்பிடும்போதும் கழற்றவில்லை.

முதல் நாள் ஒரு கதவும் திறக்கவில்லை. கரண்ட் கட் பண்ண வந்த ஆள் என்று பயந்துவிட்டார்கள். அதனால் வாட்ச்மேனைக் கூலி பேசிக் கூட்டிக்கொண்டார். அவர் பேச்சை நம்பித் தெருவே சமூகக்கூடத்துக்கு வந்து மேசையை நெருக்கியதில் மேசைக்கால் ஒடிந்தது. அதைச் சரிசெய்ய, வேலையில்லாத ஒரு தச்சரைக் கூலிக்கு வைத்தார். வரிசையை ஒழுங்குபடுத்த, 'மைக்' என்று பட்டப்பெயர் வாங்கிய ஓர் அம்மாள். அவர் போட்ட சத்தத்தில் குழந்தைகள் வீறிட்டு அழ, அதுகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெண்.

அந்த நால்வரின் படிவமும் போயிற்று என்பது வியாழக்கிழமையான இன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"ஏன் தம்பி இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?" என்றார் மைக்.

"ஆள் குறையுதும்மா."

"அவ்வளவுதானே? பின்சந்துல ஆளுங்க இருக்காங்க. கூட்டிட்டு வரச் சொல்லி நாலு பேரை அனுப்பிட்டேன்."

"சும்மாதானே அனுப்பினீங்க?"

"சும்மா யாரு போவா? கூலி பேசித்தான். நீங்க குடுப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

"எந்த நாலு பேரு?"

"வரிசையில முன்னால நின்ன நாலு பேரு."

நம்மவர் தலையில் கை வைத்துக்கொண்டார். போன நால்வரும் பின்சந்திலிருந்து மூன்று பேரைக் கையோடு கூட்டி வந்தார்கள். வரிசையை முடித்த கையோடு நம்மவர் அவசரமாக மூன்று படிவங்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"வந்ததுதான் வந்தாங்க, சும்மா நிக்க வேண்டாமேன்னு பெஞ்செல்லாம் தூக்கிப் போடச் சொன்னேன்," என்றார் மைக். "ரெண்டு மணி நேரமாத் தூக்கறாங்க. அவங்களுக்கும் சேத்துக் குடுத்துடுங்க."

கையில் இருந்தது ஒன்பது படிவம். இருபதுக்கு இன்னும் பதினொன்று வேண்டும்; தெருவிலும் பின்சந்திலும் வேறு ஆளில்லை. அந்தப் பதினொரு பேரையும் அவரேதான் வேலைக்கு வைத்திருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறார். ஆபீஸ் காசிலும் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் வாட்ச்மேனைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார்.

"பெரியவரே, ஒரு உதவி. வேலை பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எழுதிக்கறேன்."

வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மூணு வருஷமா இல்லை இல்லைன்னு சொல்லிட்டிருந்தேன் சார். நேத்துதான் எம் பொண்ணு போன்ல கேட்டப்ப, வேலைக்குப் போறேன்னு சொன்னேன். இப்ப மறுபடி இல்லைன்னு எழுதச் சொல்றீங்களே."

பதினோரு மாதமாக அந்த 'இல்லை'யை நம்மவரும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"வேணாம் பெரியவரே. நீங்க வேலைக்குப் போறவருதான்."

மதியம் மனைவிக்குப் போன் செய்தார். "குடோன் சாவி உங்கண்ணன்கிட்டதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாயங்காலம் நிலையத்தின் வேன் வந்தது. டிரைவர் இறங்கினார். நம்மவர் ஒன்பது படிவங்களையும் நீட்டி, மீதியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றார். டிரைவர் அவற்றை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சீட்டின் மேல் போட்டார். பிறகு கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, மைக்கையும் தச்சரையும் பெஞ்சு தூக்குகிறவர்களையும் விரல் விட்டு எண்ணி, ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

"இவங்க எல்லாரும் உங்க ஆளுங்கதானா சார்?"

"ஆமாங்க. பதினொரு பேரு. தப்புதான். எம் மேலதான் தப்பு. வேலையை விட்டு அனுப்பறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வீட்ல காத்துக்கிட்டிருப்பாங்க."

"யாரு, உங்களையா? உங்களை மாதிரியே பக்கத்துத் தெருவுக்குப் போனவரு இருபது ஃபாரத்தையும் தனி ஆளா முடிச்சுட்டாரு. அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பறாங்க."

"எனக்குப் புரியலீங்களே."

டிரைவர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"வேலையில்லாத ஒருத்தருக்கு வேலை குடுத்தா, அவரு இன்னும் எத்தனை பேருக்கு வேலை குடுப்பாருன்னுதான் சார் ஆராய்ச்சியே."