பெண் பார்க்க வந்த இடத்தில் இருபது இலக்கப் பகா எண்

பண்ணாரியம்மன் துணை

மதுக்கரை
2.9.1996

மரியாதைக்குரிய அக்கா வள்ளியாத்தாள் அவர்களுக்கு, தம்பி ராசப்பன் கைகூப்பி எழுதுவது. இங்கு உடம்பளவில் அனைவரும் நலம். சத்தியமங்கலத்தில் தாங்களும் மச்சானும் நலமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன்.

நிற்க. தாங்கள் பார்த்து அனுப்பிய உடுமலை மாப்பிள்ளை குழந்தைவேல் நேற்று தாய் தகப்பனோடு பெண் பார்க்க வந்தார். நம் அன்புக்கரசி எம்.எஸ்ஸி. கணக்கு முடித்து, மேலே ஆராய்ச்சி படிக்கவேணும் என்று சொன்னதற்கே முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது தங்களுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்காதே அம்மணி என்று சொல்லித்தான் காப்பித் தட்டைக் கையில் கொடுத்தேன். மாப்பிள்ளையோட அப்பா சும்மா இருந்திருக்கலாமுங்க. எம்பையன் மில்லுல கணக்குப் பாக்கறான், எந்த நம்பரக் குடுத்தாலும் சொல்லிப்போடுவான், கேட்டுப் பாரு கண்ணுன்னு இவகிட்டயே சொல்லிட்டாரு. இவளும் அடக்கமாத்தான் கேட்டா, 1234567 பகா எண்ணுங்களான்னு. பகா எண்ணுன்னா ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதுனாலயும் மிச்சமில்லாம வகுக்க முடியாத நம்பராமுங்க. மாப்பிள்ளை மூணு, ஏழு, பதினொண்ணுன்னு வாய்க்குள்ளயே வகுத்துப் பாத்துட்டு ஆமான்னாரு. இவ, "இல்லீங்க, நூத்தி இருபத்தேழால வகுபடும். 9721 வரும்"னு சொல்லிப்போட்டா.

அவங்கப்பா மொகம் கறுத்து எந்திரிச்சுட்டாரு. மாப்பிள்ளை எந்திரிக்கல. இதே மாதிரி வரிசையா வந்து, நெசமாலுமே உடையாத நம்பர் இருக்குதுங்களான்னு இவளக் கேக்கறாரு. இவ ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் ஏறி மறுபடி ஒண்ணுக்கு எறங்கி, ஜாதகத்துக்குப் பின்னாடியே 12345678910987654321ன்னு எழுதிக் குடுத்தா. அந்த மனுசன் தரையில உக்காந்து வகுக்க ஆரம்பிச்சாரு. தாய் தகப்பன் கூப்பிட்டுப் பாத்துட்டு பஸ் ஏறிப் போயிட்டாங்க. பக்கத்து ஊட்டு வரதராஜுலு சன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, மாப்பிள்ளைக்கு என்ன பரீட்சையான்னு கேக்கறாரு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அவரு வகுக்க, இவ எதுத்தாப்புல உக்காந்து கழிச்சுக் குடுக்க, நான் ரெண்டு பேரையும் பாத்துட்டுத் தூணாட்டம் நிக்கறேன். காலேஜ் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சுங்க, கையில வகுத்தா ஒரு ஆயுசு பத்தாதுன்னு இவ சொன்னா. அதுக்கு அவரு தலையத் தூக்காமயே கேட்டாரு: "ஆளுக்குப் பாதியா வகுத்தா?"

இவ பென்சிலத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டா.

பெத்தவங்க கூப்பிட்டும் எந்திரிக்காத ஆளுக்கு எம்பொண்ணு கிடையாதுங்க. ஆகவே தாங்கள் உடுமலைக்குத் தகவல் சொல்லி இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடவும். மச்சானுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
நடுக்கம் தீராத தம்பி,
ராசப்பன்

பி.கு.: தபால்பெட்டிக்குக் கிளம்பற நேரத்துல மாப்பிள்ளையோட அம்மா வந்து எறங்குனாங்க. ஊட்டுக்கு வந்தும் ராத்திரி முழுக்க சோறு திங்காம வகுத்துட்டிருக்கறானுங்க, இந்தப் புள்ள சொன்னாத்தான் கேப்பான், ஆராய்ச்சியெல்லாம் தாராளமாப் படிக்கட்டும்னு எங்கையப் புடிச்சுக்கிட்டாங்க. அன்புக்கரசியும் தலையாட்டிப்போட்டா. ஐப்பசியில முகூர்த்தம், ஒரு வாரம் முந்தியே வந்துருங்க. மேல எழுதுனத யாருக்கும் படிச்சுக் காட்டாதீங்க. அவங்க போனப்புறம் நானும் அந்தப் பெரிய நம்பர மூணால வகுத்துப் பாத்தேன். ஒண்ணு மிஞ்சுதுங்கக்கா.