ஆறாம் எண் சத்தம்

மக்களாட்சி வாக்குப்பெட்டியில் பிறக்கிறது என்று சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். அது மைக் செட்காரர் பிளக்கைச் சொருகும்போது பிறந்து, பிடுங்கும்போது போய்ச் சேர்கிறது.

இந்தப் பேருண்மையை இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தம் இரண்டு கைகளால் நிறைவேற்றி வந்தவர் நம் மைக் செட்காரர். நகராட்சிக் கூட்டம் எதுவானாலும் முதல் ஆளாக வருவார், கடைசி ஆளாகப் போவார். அவரளவுக்குப் 'பொது வாழ்வில் பங்கேற்ற' குடிமகன் இன்னொருவர் கிடையாது. இத்தனை ஆண்டுகளில் அவர் மைக்கில் பேசியது "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" மட்டும்தான். அதில் ஒரு பொய் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மேடையில் உட்காருபவர்களைப் பற்றி அப்படி அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அவருடைய ஆம்ப்ளிஃபயர் குமிழில் எண்களெல்லாம் தேய்ந்துவிட்டன. ஆறு இருந்த இடத்தில் மட்டும் மகளின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தார். ஆறில் வைத்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும். ஏழைத் தொட்டால் மைக் ஊளையிடும்.

அன்றைய கருத்துக்கேட்புக் கூட்டம் அவர் தெருவைப் பற்றியது. வீட்டுக்குப் பின்னாலிருந்த காலிமனையில் டேட்டா சென்டர் வரப்போகிறது. ஊர் உலகத்துப் புகைப்படங்களையும் காலை வணக்கங்களையும் அழியாமல் காப்பதற்கான கட்டடம். உள்ளே கணினிகள் சூடாகும். அவற்றை ஆற்றப் பெரிய விசிறிகள் நிற்காமல் சுற்றும். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு டியூட்டி. பகலில்தான் தூங்குவாள். அவள் தூங்கும் பின்னறை ஜன்னலுக்கும் அந்த மனையின் வேலிக்கும் நாற்பது அடி.

"இன்னைக்காவது ஹலோவுக்கு மேல ஒரு வார்த்தை பேசுங்க. சத்தத்தைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றாள் மனைவி.

"பேசறேன். முதல்ல மைக்கைக் கட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

அவருக்குத் தெரிந்ததும் கொஞ்சநஞ்சமல்ல. கூட்டத்துக்கு முன்பே கம்பெனியின் டெக்னீஷியன் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தான். வேறொரு டேட்டா சென்டரின் விசிறிச் சத்தம். நாற்பது அடி தள்ளி நின்று பதிவு செய்தது. மைக் செட்காரர் அதை ஆறில் வைத்துச் சோதித்தார். டெக்னீஷியன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அப்படியே நேர்ல நிக்கற மாதிரியே இருக்குண்ணே" என்று பாராட்டினான். ஹாலுக்கு வந்த மனைவியிடம் அவர் இதைக் காதோடு சொன்னார். அவள் முகம் கறுத்துவிட்டது.

கூட்டம் தொடங்கியது. "உங்கள் கருத்தே எங்கள் முடிவு" என்று நாற்பது நிமிடம் முழங்கினார் திட்ட அதிகாரி. அவருக்குப் பின்னால் நகர வரைபடம் தொங்கியது. குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்பகுதிக்கு ஊதா.

முன்வரிசைத் தையல்காரர் எழுந்தார். "சார், எங்க தெரு மஞ்சளாத்தானே இருந்துச்சு? இன்னும் எங்களைக் கேக்கவே இல்ல, அதுக்குள்ள ஊதா அடிச்சிருக்கீங்க?"

"பெயின்ட் காய வேணாமா?" என்றார் அதிகாரி.

இவ்வளவு முன்யோசனையுள்ள நிர்வாகம் நமக்கு வாய்த்திருக்கிறது.

அடுத்து கம்பெனியின் மக்கள் தொடர்பாளர், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "சத்தம் வரும்னு சிலர் 'வதந்தி' கிளப்பறாங்க. நாங்க எதையும் மறைக்கறதில்ல. சத்தத்தையே கொண்டுவந்திருக்கோம். போடுங்க!"

மைக் செட்காரர் ஆறில் போட்டார்.

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேடையில் தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்தது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

"யோவ், குறைய்யா!"

"சார், இது எப்பவும் வைக்கிற அளவுதான்."

"சுத்தி சுவர் வரப்போகுது. சுவருக்கு ரெண்டு குறைங்க" என்றார் தொடர்பாளர். குறைத்தார். நாலு.

"மரம் நடப்போறோம். மரத்துக்கு ஒண்ணு."

"மரம் இன்னும் நடவே இல்லையே சார்?" என்றார் மைக் செட்காரர்.

"வளர்ந்தா பெருசாத்தானே இருக்கும்?" மூன்று.

"வீட்டு ஜன்னலைச் சாத்திக்குவாங்க, அதுக்கு ஒண்ணு. அப்புறம், மனுஷங்களுக்குப் போகப்போகப் பழகிடும். அதுக்கு ஒண்ணு." ஒன்று.

"இன்னும் ஏதோ கேக்குதே?" என்றார் அதிகாரி.

"அது உங்க நல்லெண்ணத்துக்கு, சார்." குமிழ் பூஜ்யத்தில் போய் நின்றது.

"இப்ப யாருக்காவது சத்தம் கேக்குதா?" என்று அதிகாரி சபையைப் பார்த்துக் கேட்டார். யாருக்கும் கேட்கவில்லை. அறிவியல் நிரூபணமாயிற்று.

அப்போது மைக் செட்காரரின் மனைவி எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள். "ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம்தான்மா" என்று அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் பொண்ணு நர்ஸு. ராத்திரி பூரா நோயாளிகளைப் பாத்துட்டு வந்து பகல்லதான் தூங்கறா. தூக்கமில்லாத கையால உங்களுக்கு ஊசி போட்டா பரவாயில்லையா? முதல்ல வச்ச சத்தம்தான் நிஜமான சத்தம். நான் சொல்லல, கம்பெனி ஆளே சொல்லியிருக்கான். இதோ உக்காந்திருக்காரே, என் வீட்டுக்காரர், அவர்கிட்டதான் சொன்னான். அவரையே கேளுங்க. ஏங்க, சொல்லுங்க, ஆறுல வச்சா—"

அதிகாரி விரலை உயர்த்தினார். நேரம் முடிந்தால் மைக்கை அணைக்க வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். கை தானாகப் போயிற்று.

மனைவியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் வயரைச் சுற்றுவது போலக் குனிந்துகொண்டார். வெட்கக்கேடு, ஆனால் வயர் மிக நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது.

கட்டடம் ஒரே வருடத்தில் எழும்பியது. மரங்கள் முழங்கால் உயரத்தில் நின்றன. முதல் நாள் விசிறி சுற்றியபோது சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மைக் செட்காரர் நகராட்சிக்கு ஓடினார்.

திட்ட அதிகாரி அன்போடு உட்காரவைத்து, கூட்ட அறிக்கையின் நகல் ஒன்றைக் கொடுத்தார். "எல்லாம் இதுல இருக்குய்யா. போய் நிதானமாப் படிங்க."

வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை வாங்கிப் படித்தாள். விசிறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் படிக்க வேண்டியிருந்தது.

"'கட்டடத்தின் ஒலி எந்த அளவில் இருக்கும் என்பது, அதே தெருவில் குடியிருப்பவரும் ஒலித்துறையில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் பெற்றவருமான குடிமகன் ஒருவரால், தம் சொந்தக் கையாலேயே நிர்ணயிக்கப்பட்டது. எதிர்ப்பு எதுவும் கேட்கவில்லை. மக்கள் பங்கேற்புக்கு இது ஒரு முன்னுதாரணம்.'"

"என்ன? கேக்கல" என்றார் அவர்.

"அன்னைக்கும் அப்படித்தான் யாருக்கும் கேக்கல."

பின்னறைக் கதவு திறந்தது. தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு மகள் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"யாரும்மா இதை இவ்வளவு சத்தமா வைக்க விட்டது?"

மனைவி அறிக்கையை மகளிடம் நீட்டினாள்.

"படிச்சுப் பாரு. பேரு போடல. ஆனா ஆளு யாருன்னு உனக்குத் தெரியும்."