குத்திப் பார்க்காத மூட்டை

என் மனைவி மீனாட்சி ஒரு உளுந்து மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். பார்த்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், வேறு யாருடைய கடைக்குள்ளாவது நுழைந்துவிட்டேனோ என்பதுதான். வெளியே போய்ப் பலகையைப் படித்தேன். ‘சௌந்தரபாண்டியன் பயறு வகைகள், மாட்டுத் தீவனம், கோவில்பட்டி.’ கடை என்னுடையது. மனைவியும் என்னுடையவள். தோள் மட்டும் புதிது.

விஷயம் இதுதான். பக்கத்து ஊர் இடைசெவல் சுந்தரபாண்டி தீவனம் வாங்க வந்திருந்தார். அவர் எதிரில் ஐம்பது கிலோ உளுந்து மூட்டையை மேடையில் ஏற்றப் பார்த்தேன். மூட்டை அசையவில்லை. என் இடுப்புதான் அசைந்தது, மளுக்கென்று சத்தமும் போட்டது. சுமை தூக்கும் நல்லக்கண்ணுவைத் தேடி டீக்கடைக்குப் போனேன். ஆள் இல்லை. திரும்பி வந்தால் இந்தக் காட்சி. சுந்தரபாண்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்கும் என்னைப் போலவே அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

மீனாட்சி மூட்டையை மேடையில் இறக்கினாள். மூச்சுகூட வாங்கவில்லை. முந்தானையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

“இனிமே நீங்க வீட்டுல இருங்க. கல்லாவுல நான் உக்காந்துக்கிடுதேன்.”

கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்திருக்கும் வரைதான் நான் முதலாளி. இறங்கிவிட்டால் மீனாட்சியம்மாள் வீட்டுக்காரர். வீட்டில் ஏற்கெனவே அவள் ஆட்சி. எனக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்த இடம் அந்த முக்காலி அளவுதான்.

“பொங்கல் வரைக்கும் தவணை குடு,” என்றேன். “எல்லார் முன்னாலயும் இதே மூட்டைய நான் தூக்குதேன். தூக்கலன்னா கல்லா உனக்கு.”

“இதே மூட்டையவா?”

“இதே மூட்டையத்தான்.”

“அப்ப அத விக்காம வைக்கேன்.”

கத்தரிக்காய் வாங்கவே அரை மணி நேரம் வாதாடுகிறவள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் யோசிக்கிற பழக்கம் எனக்குக் கல்யாணத்தோடு போய்விட்டது.

பக்கத்து மருந்துக்கடை நந்தகோபாலிடம் ரகசியமாக முறையிட்டேன். அவர் மதுரையிலிருந்து ஒரு டப்பா வரவழைத்துக் கொடுத்தார். டப்பா மேல் சட்டை இல்லாத ஒருவன், வயிற்றில் இட்லித்தட்டு மாதிரி குழிகுழியாக நின்றான். முழுக்கத் தாவரப் புரதம், பாலில் கலந்து குடித்தால் போதும் என்றார் நந்தகோபால். பாலுக்கு வீட்டில் எருமை உண்டு. உள்ளே என்ன என்று கேட்டேன். பட்டாணி, சோயா, பாசிப்பயறு என்றார். மூன்றும் என் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற சரக்கு. அதையே ஒருவன் அரைத்து, டப்பாவில் அடைத்து, சட்டை இல்லாமல் நின்று எனக்கே விற்கிறான். பயறு வியாபாரியான நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மீனாட்சி கண்ணில் படாமல் இருக்க, கடையின் பின்கட்டில் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் டப்பாவை ஒளித்து வைத்தேன். மத்தியானம் அவள் சமையலில் இருக்கும்போது கலக்கி, ஒரே மடக்கில் குடித்துவிடுவேன். ஆரம்பத்தில் பொடி வெள்ளையாக, வாசனையாக இருந்தது. போகப் போகக் கறுத்து, தொண்டையில் சுரசுரவென்று அறுத்தது. சத்தெல்லாம் அடியில் தங்கியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்த்தால் ஏதோ புடைத்த மாதிரியும் இருந்தது. மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டேன்.

பொங்கலன்று பூஜை முடிந்ததும் கடை முன் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுந்தரபாண்டி இடைசெவலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். மீனாட்சி அதே மூட்டையைக் காட்டினாள். குனிந்தேன். பிடித்தேன். இழுத்தேன்.

மூட்டை வந்துவிட்டது. வந்த வேகத்தில் நான்தான் மல்லாக்க விழப் பார்த்தேன். நல்லக்கண்ணு முதுகைத் தாங்கிக்கொண்டார். தோளில் ஏற்றிக்கொண்டு கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் முக்காலி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

மீனாட்சி சுவரில் மாட்டியிருந்த குத்தூசியை எடுத்து சுந்தரபாண்டியிடம் கொடுத்தாள். மூட்டைக்குள் இருக்கிற சரக்கு என்னவென்று வியாபாரிகள் குத்திப் பார்க்கிற ஊசி அது. அவர் குத்தி இழுத்தார். ஊசிப் பள்ளத்தில் ஒரு உளுந்துகூட இல்லை. கறுப்புக் கறுப்பாகத் தோல். உளுந்தம் பொட்டு. மாட்டுக்குப் போடுவது. பஞ்சு மாதிரி கனமே இல்லாத சரக்கு.

“மூட்டைய மாத்திட்டியா?” என்றேன்.

“அன்னைக்கு நான் தூக்கினதும் இதே மூட்டைதான். உளுந்து அதுக்குப் பின்னால கெடக்கு. இத்தன நாளும் கல்லாவுல உக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்திய. ஒருக்கா குத்திப் பாத்தியளா?”

சுந்தரபாண்டி அன்று போலவே வாயைப் பொத்தினார். அது அதிர்ச்சி இல்லை, சிரிப்பு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“என்ன இருந்தாலும் பந்தயம் பந்தயந்தான். இதே மூட்டைன்னு பேச்சு, தூக்கிட்டேன்,” என்றேன்.

“செரி, செயிச்சிட்டிய. சுந்தரபாண்டி அண்ணாச்சிக்கு உளுந்து வேணுமாம். மொதலாளியே எடுத்துப் போடுங்க.”

உளுந்து மூட்டையைப் பிடித்தேன். மளுக். பழைய இடத்திலேயே.

மீனாட்சி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். குனிந்தாள். நிஜமான உளுந்து, நிஜமான ஐம்பது கிலோ, அவள் தோளுக்கு ஏறியது. நல்லக்கண்ணுவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“எப்படிட்டி?”

“எருமைக்குப் புண்ணாக்கு எடுக்க தெனமும் நான் போற எடத்துலயா டப்பாவ ஒளிச்சு வைப்பாவ? நல்ல பொடிதாங்க. குடிச்சா தெம்பாத்தான் இருக்கு.”

“அப்ப நான் குடிச்சது?”

அவள் தோளில் மூட்டையோடு, சுந்தரபாண்டி குத்திய ஓட்டையிலிருந்து கொட்டிக் கிடந்த பொட்டைக் காலால் என் பக்கம் ஒதுக்கிவிட்டு நடந்தாள்.

இப்போது கல்லாவில் மீனாட்சி இருக்கிறாள். எருமைக்குத் தீனி வைக்கும் வேலை எனக்கு. தொட்டியில் பொட்டைக் கொட்டும்போதெல்லாம் எருமை கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விடுகிறது.