டிராகனுக்கு வழிவிட்ட ரூட் அண்ணை

டிராகனை வெட்டிய வீரர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். டிராகனைக் கண்டதும் குதிரையை இடப்பக்கம் ஓரங்கட்டி, "நீ முதல் போ" என்று கைகாட்டிய ஒரே மனிதர் இல்ஃபோர்ட் ரூட் அண்ணைதான்.

முப்பது வருடம் லண்டனில் பஸ் ரூட் ஓட்டி ஓய்வு பெற்றவர்; பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. லண்டன் ஓரத்து இல்ஃபோர்டில் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருந்தார். எனக்கு வீடியோ கேமுக்கு மலையும் காடும் செய்கிற உத்தியோகம். இதைச் சொல்லிப் பெண் கேட்ட வீடுகளில் தேத்தண்ணியோடு அனுப்பிவிட்டார்கள். இன்னும் வெளிவராத ஒரு மாயாஜால விளையாட்டில், வடக்குக் கோட்டையிலிருந்து தலைநகருக்கு நாற்பது நிமிடக் குதிரைப் பாதை ஒன்றை ஒரு வருடம் மாரடித்துச் செய்திருந்தேன்.

மேலாளர் அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை. "அலுப்பாக இருக்கிறது. விளையாடுகிறவர் வரைபடத்தைத் தொட்டதும் தலைநகருக்குத் தாவட்டும். எதற்கும் வெள்ளிக்கிழமை புது ஆள் ஒருவரை விளையாடவிட்டுப் பார்ப்போம்" என்றார். ரோடு போனால் ரோடு போட்டவனும் போவான். ரோட்டில் அலுக்காத மனிதர் என்று நம்பி அண்ணையைக் கூட்டிப்போன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, திரையில் முதல் வளைவிலேயே அண்ணையின் குதிரை நின்றது.

"என்னண்ணை?"

"ஒரு பிள்ளை கூடையோடை நிக்குது. ஏறட்டும்."

"அண்ணை, அது அழகுக்கு வைச்ச பொம்மை. ஏறாது."

"மழையிலை நனையுதடா. விட்டிட்டுப் போக ஏலுமே?"

அழகுக்கு நான் நட்டுவைத்த பொம்மைகளில் கண்ணில் பட்ட அத்தனைக்கும் நின்றார். ஒரு மணி நேரத்தில் மூன்று வளைவு! பிறகுதான் அந்த டிராகன் வந்தது. வழிவிட்டவரைக் குதிரையோடு பொசுக்கியது.

"போச்சு! திரும்பக் கோட்டையிலையிருந்து தொடங்கோணும்" என்று தலையில் கைவைத்தேன்.

"நல்லதாப் போச்சு. அந்தப் பிள்ளை இன்னும் நிண்டா ஏத்தலாம்."

பின்னால் நின்ற மேலாளர், "அலுப்பாக இருக்கிறதா?" என்று அவரையே கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணை தன் பஸ் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "ரோடு நல்ல ரோடு. இவ்வளவு தூரம் போட்டுவிட்டு ஒருவரையும் ஏற்றாமல் போகச் சொல்கிறீர்களே, அதுதான் விளங்கவில்லை."

மேலாளர் திரும்பினார். "தாவல் வேண்டாம்" என்றார் என்னிடம். "குதிரைக்குப் பின்னால் ஒரு வண்டி பூட்டு. அந்தப் பெண் ஏறட்டும்."

வேலை தப்பியது. கூடவே நானூறு பொம்மைகளுக்கு ஏறி இறங்கக் கற்றுக்கொடுக்கும் தண்டனையும் கிடைத்தது. அண்ணையை வாயாரத் திட்டிக்கொண்டே செய்தேன்.

கடைசியாக, அந்தக் கூடைக்காரி தலைநகரில் இறங்கும்போது என்ன சொல்வாள் என்று எழுத வேண்டியிருந்தது. "பெரிய உபகாரம், அண்ணை" என்று எழுதினேன், 'அண்ணை'யை மட்டும் தமிழிலேயே விட்டு. அந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மேலாளர் கேட்டார்.

அந்த நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன்.