மூன்று முறை சரிபார்த்த பத்திரம்

திருச்செங்கோடு,
ஈஸ்வர வருஷம், ஆவணி 9

செவ்வாய்ப்பேட்டையில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக விளங்கும் மாப்பிள்ளை வெங்கடாசலம் அவர்களுக்கு, மாமனார் கண்ட்ராக்டர் கண்ணுசாமி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடத்தில் நானும், உங்கள் மாமியார் ஆத்தாயியும், இரண்டு எருமைகளும், கந்தனுடைய வலது கால் நீங்கலாக மற்றவர்களும் சுகம். என் மகளும் குழந்தையும் சுகந்தானா என்று விசாரிப்பது முறை, விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதவேண்டிய விஷயம் அவசரம்.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "மாமா, ஓடைப் பாலத்து வேலைய உள்குத்தகைக்கு உடறீங்க. உள்குத்தகைக்காரங்க ஆளுக்கு அடிபட்டாலும் சட்டம் மொதல்ல உங்களைத்தானுங்க கேக்கும். ஒவ்வொருத்தருகிட்டயும் இன்ஷூரன்ஸ் பத்திரம் இருக்குதான்னு கண்ணால பாத்துட்டு வேலையக் குடுங்க" என்றீர்கள். என் பேருக்கும் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தீர்கள். அதன் மூலையில் மஞ்சள் தடவி ஆத்தாயியின் பெட்டியில் வைத்தாயிற்று.

நீங்கள் சொன்னபடியே பார்த்தேன், மாப்பிள்ளை. முதலில் கல்வேலைப் பெரியசாமி பத்திரம் கொண்டுவந்தார். இங்கிலீஷ் எனக்கு வராது. ஆனால் முத்திரை பார்க்கத் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, சிவப்பு முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உரியவில்லை. பார்த்ததற்கு அடையாளமாகப் பின்புறம் கையெழுத்திட்டேன். மறுவாரம் சுண்ணாம்புச் சூளை சென்னியம்மாள் வந்தாள். அவள் பத்திரத்தின் மூலையிலும் மஞ்சள் இருந்தது. பக்தியுள்ள ஜனங்கள் என்று மெச்சிக்கொண்டேன். பின்புறத்தில் யாரோ ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். என்னுடையதைப் போலவே கம்பீரமாக இருந்ததால் பெரிய அதிகாரியாக இருக்கவேண்டும் என்று நம்பிக்கை கூடிப்போய், அதன் கீழே நானும் இட்டேன். மண்வேலை மேஸ்திரி கொண்டுவந்த பத்திரத்தில் அப்படி இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள்.

முந்தாநாள் சாரம் முறிந்து, பெரியசாமியின் ஆள் கந்தன் கீழே விழுந்து, கால் இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது. அவன் பெண்டாட்டி பழனியம்மாள் வந்து என் வாசலில் உட்கார்ந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பத்திரம் செல்லாவிட்டால் அவர்களுக்குச் சேரவேண்டியதை நான்தான் கொடுத்தாக வேண்டும். கிணற்றடி வயலை விற்காமல் அது ஆகாது. நேற்று மூன்று பேரையும் பத்திரத்தோடு ஒரே நேரத்தில் வரச் சொன்னேன். மூன்று பேரும் வந்தார்கள். பத்திரம் ஒன்றுதான் வந்தது, சென்னியம்மாள் கையில். மற்ற இருவரும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மத்த ரெண்டும் எங்கே?" என்றேன்.

"ஏனுங்க, மாரியம்மன் நோம்பிக்குப் பூசாரி ஒருத்தர் கையிலதானுங்க காப்புக் கட்டறோம்? ஊருக்கே அம்மை வராமக் காக்குதுங்களா இல்லீங்களா? இதும் அப்படித்தான்னு நெனைச்சோமுங்க" என்றாள் சென்னியம்மாள்.

பக்கத்து வீட்டுப் பாக்கியநாதன் வாத்தியாரைக் கூப்பிட்டு, அந்த ஒன்றாவது யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க பேருதானுங்க போட்டிருக்குது" என்றார். மாப்பிள்ளை, கேட்டீர்களா? என் பத்திரத்தை நானே மூன்று முறை சோதித்துத் தேறவைத்திருக்கிறேன். உள்ளே போய் உங்கள் மாமியாரைக் கேட்டேன். அவள் அரிசி புடைப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"நீங்க பாத்தாத்தான் வேலை குடுப்பீங்கன்னு பொறவாசல்ல வந்து கேட்டாங்க. பொட்டியில சும்மாக் கெடக்கற காயிதந்தானுங்க. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு என்ற சங்கிலிய எத்தனை பேரு வாங்கிட்டுப் போயித் திருப்பிக் குடுத்திருக்காங்க? இதையும் திருப்பித்தான் குடுத்தாங்க. இன்னிக்கு நீங்க கேட்டீங்கன்னு சென்னியம்மா மறுக்கா வாங்கிட்டு வந்தா."

ஆகையால் மூன்று பேர் மேலும் வழக்குப் போட்டு வேலையைப் பிடுங்க, நல்ல வக்கீலாகப் பாருங்கள். கிணற்றடி வயலுக்கும் ஒரு ஆளைப் பாருங்கள். உங்கள் மாமியாரோடு நான் நேற்றிலிருந்து பேசுவதில்லை. சோற்றுக்கு மட்டும் தலையசைக்கிறேன். அர்த்தநாரீஸ்வரர் உங்களையும் என் மகளையும் குழந்தையையும் நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும். என்னை அவர் கவனிப்பதாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்
கண்ணுசாமி

பின் குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வாத்தியார் வந்தார். நேற்று பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுக்கப் படித்தாராம். உள்குத்தகைக்காரர்களின் ஆட்களுக்கு அடிபட்டாலும் இந்த ஒரே பத்திரம் கொடுக்கும் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதாம். நான் பார்க்கும் லட்சணம் தெரிந்து நீங்கள்தான் முன்கூட்டியே எழுதவைத்தீர்களோ என்னவோ. சென்னியம்மாள் சொன்னதுதான் சட்டம் என்று ஆகிவிட்டது. கந்தன் குடும்பம் பிழைத்தது, வயலும் பிழைத்தது. மேலே எழுதியதெல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். பழனியம்மாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமை வந்து பத்திரத்தைப் பார்ப்பார் என்பதால், விடிந்ததுமே வாத்தியார் உங்கள் மாமியாரிடம் திருப்பிக் கொடுத்திருந்ததை எடுக்கச் சொன்னேன். உங்கள் மாமியார் பெட்டியைத் திறக்கவில்லை. "ஆத்தூர்ல பாலம் கட்டற மேஸ்திரி காத்தாலயே வந்து வாங்கிட்டுப் போயிட்டாருங்க. கேட்டுக் குடுக்கலாம்னா நீங்கதான் எங்கூடப் பேசறதில்லீங்களே" என்கிறாள். கடிதம் கண்டதும் ஆத்தூருக்குப் பஸ் ஏறவும். அடையாளம்: மூலையில் மஞ்சள், பின்புறம் மூன்று கையெழுத்து. நான்கு இருந்தாலும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.