பாதி மாத்திரைப் பங்காளிகள்

சாத்தாங்காடு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகன் மாசானத்துக்கு உன் தாய்மாமன் சண்முகவேல் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை சிவந்தியும் என் சர்க்கரையும் சுகம். அங்கு உன் சுகத்துக்கு எழுதவும். நான் சர்க்கரை மாத்திரை வாங்கிய மருந்துக்கடைச் சீட்டை அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டாய். பதிலுக்கு ஒரு கதை அனுப்புகிறேன். ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று என் இரும்புக்கடைத் தராசின் மேல் ஆணையிடுகிறேன்.

போன மாதம் என் ரத்தத்தைச் சோதித்த இயந்திரம், எண்ணிக் களைத்து ஒரு நாள் லீவு கேட்டது. நான் நடந்த வழியில் எறும்புகள் மாத்தூர் வரை அணிவகுத்ததில் டிரெய்லர் லாரிகள் இரண்டு மணி நேரம் நின்றன. நம் கடையில் கம்பி ஏற்றும் துரைக்கும் சர்க்கரைதான். ஆனால் விளம்பரமில்லாத சர்க்கரை. தகடு கிழித்த அவன் கால்விரல் புண் ஒரு மாதமாக ஆறவில்லை. இங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கைக்கு அடங்காத பழைய இரும்பை இரண்டு பேர் பங்கு போட்டு எடுப்போம், நஷ்டமும் பாதியாகிவிடும். அந்த நியாயப்படி, கொடைவள்ளலான நான் என் மாத்திரைகளைத் தகடு வெட்டும் கத்தரியால் இரண்டிரண்டாக்கி, பாதியைத் துரைக்கு வழங்கினேன். தெறித்த தூளில் மணலி வரை பலருக்குச் சர்க்கரை இறங்கியது. எங்கள் இருவருக்கு மட்டும் இறங்கவில்லை.

நேற்று நான் கூட்டிப்போன துரையின் புண்ணைப் பார்த்த டாக்டரம்மா நவ்ரீன், "மாத்திரை ஒழுங்கா போடறியா?" என்று கேட்டார்.

துரை நெஞ்சை நிமிர்த்தினான். "ஒரு நாளு வுட்டதில்ல மேடம். பாதி எனுக்கு, பாதி மொதலாளிக்கு. பங்குச் சரக்கு."

"புண்ணு மட்டும் முழுசா உனக்கா? சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுக்க வேண்டி வரும்ப்பா."

ஆட்டோவில் திரும்பும்போது துரை என்னைத் தேற்றினான். "இன்னா மொதலாளி, மூஞ்சி தொங்கிப்பூட்ச்சி? வெரலு போனா போவுது. லோடு ஏத்தக் கை கீதே."

மருமகனே, இதைத்தான் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

குடும்ப வியாதியைத் தவிர மற்ற எல்லாக் குடும்பச் சொத்தும் உன்னைச் சேரட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமன் சண்முகவேல்.

பி.கு.: எறும்பு பொய், இயந்திரம் பொய், வள்ளல் பெரும்பொய். வியாபாரம் படுத்ததிலிருந்து நான் மாத்திரையே வாங்கவில்லை. உனக்கு அனுப்பச் சீட்டு ஏது? அரசு ஆஸ்பத்திரி வரிசையில் முதலாளி நிற்பதாவது என்று இருந்துவிட்டேன். அரைநாள் கூலியை விட்டு, விடியலிலேயே போய் நின்று வாங்கிவந்த தன் மாத்திரையில் துரைதான் எனக்குப் பாதி கொடுத்தான். இதை அதே வரிசையில் நின்றபடி எழுதுகிறேன். முன்னால் நாற்பது பேர். இனி அவன் மாத்திரை முழுசாக அவனுக்கு. மேலே எழுதிய வள்ளல் கதையில், கத்தரியைப் பிடித்து வெட்டியது நான் என்பது மட்டும் நிஜம்.