ஐஸ்கட்டியில் தெரிந்த புருசன்

ஜெயபுரத்துக்கும் ரஷ்யாவுக்கும் இப்போது நேரடித் தொடர்பு இருக்கிறது. தூதரகம் வேண்டாம், விசா வேண்டாம். ஐஸ் உருகாமல் காக்கும் ஒரு ரெஜிபோம் பெட்டி, அதற்குள் ஐஸ், பக்கத்தில் பரமலிங்கம். போதும்.

பரமலிங்கம் என்றால் யாருக்கும் தெரியாது. ஐஸ் சாத்திரியார் என்று கேட்க வேண்டும். போன வருடம் வரைக்கும் இதே பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மீன் விற்றவர். மீன் அழுகும். சாத்திரம் அழுகாது. தொழிலை மாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வீட்டுப் படலைக்கு முன்னால் வான்கள் நிற்கும். செட்டிகுளத்திலிருந்தும் வருகிறார்கள். வெளியே ஒரு கச்சான் கடலைக் கடை, ஒரு சர்பத் கடை. சர்பத்துக்குள் மிதப்பதும் சாத்திரம் சொல்வதும் ஒரே பெட்டி ஐஸ் என்று கேள்வி. சர்பத் குடித்தவர்களுக்கு இதுவரை ஒன்றும் தெரியவில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களின் புருசன்மார் ஏஜென்சிக்காரனை நம்பி ரஷ்யாவுக்குச் சமையல் வேலைக்குப் போனவர்கள். இறங்கிய கையோடு அங்கே அகப்பைக்குப் பதிலாகத் துவக்கைக் கொடுத்துவிட்டார்கள். துவக்குச் சத்தம் ஓய்ந்த ஊரிலிருந்து கடன்பட்டுப் போய் இன்னொருவன் சண்டைக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

தேனுகாவின் புருசன் சுகிர்தனும் அப்படித்தான் போனான். தேனுகா என் மனைவி தயாளினியின் தங்கை. தயாளினி டெங்குவில் போய் இரண்டு போகம் நெல் வெட்டியாயிற்று. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இது தேனுகாவின் கதை.

படைக்குப் போனவனைக் கட்டியவளுக்குப் போன்தான் புருசன். கிணற்றடியில் குளிக்கும்போதும் தேனுகா அதைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கண் எட்டும் தூரத்தில் தொங்கவிடுவாள். சுகிர்தன் ஒவ்வொரு முறையும் புதுப்புது நம்பரிலிருந்து எடுப்பான். "சாப்பிட்டனான். சரியான குளிர்" என்பான். எங்கே நிற்கிறான் என்று சொல்ல விடமாட்டார்கள். லைன் வெட்டிவிடும். பிறகு அந்த அழைப்புகளும் நின்றுவிட்டன. கடைக்குச் சீனி வாங்கப் போனால், "அவர் எடுத்தவரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் நிறுப்பார்கள். பொட்டுப் பெரிதாக வைத்தால் ஊரில் ஒரு கதை. வைக்காவிட்டால் இரண்டு கதை.

ஒரு நாள் வந்து கேட்டாள்.

"அத்தான், என்னை ஒருக்கா ஜெயபுரத்துக்கு ஏத்திக்கொண்டு போறீங்களோ?"

"ஐஸ் பாக்கவோ?"

"ஓம்."

"சந்திக்கடை ஃபிரிட்ஜிலயும் ஐஸ் இருக்கு."

"அதில இவர் தெரியமாட்டார்."

"அதில ஐஸ்பழமாவது தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

சாத்திரியாரின் முறை இதுதான். தாலியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அவர் நனைத்த மஞ்சள் நூலொன்றை அதில் கட்டுவார். நூலை எலுமிச்சங்காயளவு ஐஸ்கட்டியின் மேல் கிடத்துவார். ஒரு சிட்டிகை திருநீறு தூவுவார். கண்ணை மூடி ரஷ்ய மொழியில் மந்திரம் சொல்வார். ரஷ்ய மொழி என்று அவர்தான் சொன்னார். பிறகு தாலியைத் தூக்குவார். ஐஸ் நூலோடு ஒட்டிக்கொண்டு எழும்பினால் புருசன் சுகம். விழுந்தால் கண்டம்.

கண்டத்துக்குப் பரிகாரம் உண்டு. தாலி ஒரு மண்டலம் அவருடைய அலுமாரியில் இருக்க வேண்டும். போனை அணைத்து அவருடைய சாக்குக்குள் போட வேண்டும். போனின் அலை பட்டால் மந்திரக் கட்டு அறுந்துவிடுமாம்.

"எந்த அலை, ஐயா?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாத அலை, தம்பி."

தெரியாததை எல்லாம் அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

எங்களுக்கு முன்னால் அமராவதி இருந்தாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிய குடும்பம். முதல் தடவை வந்தபோது அவளுக்கு ஐஸ் விழுந்தது. தாலி அலுமாரிக்குள் போனது, போன் சாக்குக்குள் போனது. இரண்டாம் தடவையும் விழுந்தது. இன்று ஒரு சேவலோடு வந்திருந்தாள். சாத்திரியார் அவளுடைய தாலியை வெளியே எடுத்து ஐஸ் பார்த்தார். எழும்பியது.

"ஒட்டிருச்சுங்க சாமி. அப்ப போனைத் தாறீங்களா?"

"மண்டலம் முடியட்டும், பிள்ளை. உனக்குப் புருசன் முக்கியமோ, போன் முக்கியமோ?"

புருசன் கூப்பிட்டால் போனில்தான் கூப்பிடுவான் என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டால் சாத்திரியார் சொன்ன கதை பிழைத்துப் போகும் என்பது சாத்திரியாருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். அவருக்கு முன்னால் இரண்டு சிரட்டைகளில் திருநீறு இருந்தது. வெறுங்கையோடு வந்தவர்களுக்கு இடது சிரட்டை. சேவலோடு வந்தவர்களுக்கு வலது சிரட்டை.

தேனுகாவின் முறை வந்தது. கைப்பையிலிருந்து தாலிக்கொடியை எடுத்துக் கொடுத்தாள். அதன் கொழுக்கியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. கொழுக்கி கழன்றபோது தயாளினி சுற்றிய நூல் அது. என் அலுமாரியில் இருக்க வேண்டிய கொடி. 

சாத்திரியார் இடது சிரட்டையில் கை வைத்தார். கண்ணை மூடினார்.

"பனிக்குழி தெரியுது. உள்ள கிடக்கிறான். வலது காலில காயம். உன்ர பேரைச் சொல்லிச் சொல்லி முனகிறான், பிள்ளை."

தூக்கினார். ஐஸ் விழுந்தது.

தேனுகா அழவில்லை. போனை எடுத்தாள். அணைக்கும் பொத்தானில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். திரை கறுத்தது. அதைச் சாக்குப் பக்கம் நீட்டினாள்.

"பொறு, தேனுகா" என்றேன். "ஐயா, இந்தத் தாலியைக் கட்டினவருக்கோ காயம்?"

"கட்டினவனுக்குத்தான். தாலி பொய் சொல்லாது."

"எந்தக் கால் எண்டனீங்கள்?"

"வலது. முழங்காலுக்குக் கீழ."

நான் எழும்பி வலது காற்சட்டைக் காலை முழங்கால் வரை சுருட்டினேன். ஒரு கீறலும் இல்லாத காலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தத் தாலியைக் கட்டினது நான்."

சேவல் மட்டும் கூவியது.

"மன்னியுங்கோ, அத்தான்" என்றாள் தேனுகா. "என்ர கொடி ஏஜென்சிக்காரனுக்குக் குடுத்த காசுக்காக பாங்கில அடைவில இருக்கு. வெறுங்கழுத்தோட வரக் கூச்சமாயிருந்தது. அக்கான்ரைய எடுத்திட்டன்."

சாத்திரியார் லேசான ஆள் இல்லை. "அப்ப கண்டம் உமக்குத்தான், தம்பி" என்றார்.

"எனக்கு வர வேண்டியது வந்திட்டுது, ஐயா. பனிக்குழி எங்க?"

கூட்டம் சாத்திரியாரைக் கைவிடவில்லை. "பிழையான தாலியைக் கொண்டுவந்தா அவர் என்ன செய்யிறது?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். நியாயம்தான். சரியான ஒன்றை வைத்துப் பார்ப்போம் என்றேன்.

மோட்டார் சைக்கிள் திறப்புச் சாவியை எடுத்தேன். அதில் கட்டியிருந்த நூலை நனைத்து ஐஸில் கிடத்தினேன். வலது சிரட்டையிலிருந்து ஒரு சிட்டிகை தூவினேன். எனக்கு ரஷ்ய மந்திரம் தெரியாது. பஸ் நிற்கும் இடங்களைச் சொன்னேன். பூநகரி, பரந்தன், ஆனையிறவு. தூக்கினேன். ஐஸ் தொங்கியது.

"என்ர மோட்டார் சைக்கிளின்ர புருசன் சுகம்."

நூலைக் கழுவி, வேறொரு ஐஸ்கட்டியில் கிடத்தி, இடது சிரட்டையில் எடுத்துத் தூவினேன். அதே ஊர்கள். ஐஸ் விழுந்தது.

"இப்ப கண்டம்."

யாரோ சிரித்தார்கள். அமராவதி கிட்ட வந்தாள். கோயிலில் செய்கிற பழக்கம் போல இரண்டு சிரட்டையிலும் கிள்ளி வாயில் போட்டாள்.

"இது சும்மா துன்னூறு. இது உப்புக் கரிக்குதுங்க."

அவ்வளவுதான் சங்கதி. உப்புப் பட்டால் ஐஸின் மேல் கொஞ்சம் உருகும், குளிர் இன்னும் கூடும், நனைந்த நூல் அதோடு சேர்ந்து உறைந்துவிடும். ஓ.எல். சோதனை எடுக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதுதான். போதாதென்று டியூசனுக்கும் அனுப்புகிறோம்.

"உப்பும் தெய்வம்தான், தம்பி" என்றார் சாத்திரியார். அவருக்கு மந்திரத்தில் அதற்கு மேல் மிச்சமில்லை.

ஒருவரும் அவரை அடிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து தாலிகளை எடுத்தார்கள். சாக்கைக் கவிழ்த்துப் போன்களைப் பொறுக்கினார்கள். முற்றம் முழுக்கப் போன்கள் உயிர் பெறும் சத்தம்.

அமராவதியின் போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு சிணுங்கத் தொடங்கியது, நிற்கவில்லை. தவறிய அழைப்பு, தவறிய அழைப்பு. நீள நீளமான வெளிநாட்டு நம்பர்கள்.

"இவருதாங்க. நான் இங்கன ஐஸ் பாத்துக்கிட்டு இருக்கையில கூப்பிட்டிருக்காரு."

திருப்பி எடுத்தாள். போகவில்லை. இன்னொரு நம்பருக்கு எடுத்தாள். அதுவும் போகவில்லை. சேவலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து அடுத்த நம்பரை அழுத்தினாள்.

தேனுகா தன் போனை மறுபடி ஆன் பண்ணினாள். ஒன்றும் வரவில்லை. சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டு என் பின்னால் ஏறினாள்.

"மெதுவா ஓடுங்கோ, அத்தான். எடுத்தா எனக்குக் கேக்கோணும்."

நான் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணும்போது சண்டைக்கு வந்த அந்தப் பெண் ஓடிவந்தாள். கையில் வலது சிரட்டை.

"தம்பி, இதை வீட்டில வைச்சுக் கும்பிட்டாலும் பலன் இருக்குந்தானே?"

தாலிகளும் போன்களும் உரியவர்களிடம் திரும்பிவிட்டன. அவற்றோடு சேர்த்து அந்த முற்றத்தில் கழற்றி வைத்த மூளையை எத்தனை பேர் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியாது.